வீட்டு விறகும் விறகுத்தோப்பும்: நியூ இங்கிலாந்து வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றுமே மக்கள் வாழ்வின் அடிப்படைத் தேவைகளெனக் கூறுதல் மரபு. ஆயின், ஆண்டில் ஐந்து திங்கள் பனி மூடிக் கிடக்கும் நாடுகளில் வாழ்வோர்க்கு இம்மூன்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்க நான்காவது தேவையொன்று உண்டு. அதுவே எரிபொருள். மன்னர்தம் போர்களையும் உடன்படிக்கைகளையும் விரித்தெழுதிய வரலாற்றாசிரியர் பலர் அம்மன்னரின் குடிகள் எதனை எரித்துக் குளிர் காய்ந்தனர் என்பதைப் பெரும்பாலும் எழுதினாரிலர். எனினும் ஒரு குடும்பத்தின் இருப்பும் இடப்பெயர்வும் சில வேளைகளில் அதன் அடுப்புக்கு வேண்டிய விறகினாலேயே தீர்மானிக்கப்பட்டன.

இவ்வுண்மையை அமெரிக்காவின் பழங்குடிகள் நன்குணர்ந்திருந்தனர். ரோட் ஐலன்ட் குடியேற்றத்தை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ் என்பார் நராகன்செற் மக்களின் மொழியைப் பற்றி 1643 இல் வெளியிட்ட நூலில் சுவையான செய்தியொன்றைக் குறித்துள்ளார். ஆங்கிலேயர் கடல் கடந்து வந்ததன் காரணம் யாதென அம்மக்கள் வினவுவராம். தம் நாட்டில் விறகு தீர்ந்தமையாலேயே வந்தனர் போலும் எனத் தாமே விடையும் கூறுவராம். ஓரிடத்து விறகு தீர்ந்தவழிப் பிறிதோரிடத்துக்குக் குடிபெயர்தல் அவர்தம் வழக்கமாதலின், ஆங்கிலேயரும் அவ்வாறே வந்தனரென அவர்கள் கருதினர். இவ்விடையைப் பேதைமையென நகைத்தல் எளிது. ஆயின் அக்காலத்து இங்கிலாந்தின் நிலையை ஆராய்வோர் அதில் ஓரளவு உண்மையும் உண்டென்பதைக் காண்பர்.

ஒரு குடும்பம் வேற்றிடம் பெயராமலும் விறகுக்குக் குறைவின்றியும் தலைமுறை தலைமுறையாக வாழ்வதற்கு எத்துணைப் பரப்புள்ள காடு வேண்டும்? இவ்வினாவுக்கு நியூ இங்கிலாந்து மக்கள் முந்நூறு ஆண்டுகளாகக் கண்ட விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய இங்கிலாந்தின் வழக்கம்

குடியேறியோர் தாயகத்திலிருந்து கொண்டுவந்த அறிவை முதற்கண் நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தில் விறகுக்காடு என்பது தானாக வளர்ந்து கிடந்த வனமன்று. பயிர்நிலம் போலவே முறையாகப் பேணப்பட்ட நிலமாகும். ஓக், ஆஷ், ஹேசல் முதலிய மரங்களை அடியோடு வெட்டினால் அவை அழிவதில்லை. வெட்டிய குற்றியினின்று பல தளிர்கள் கிளைத்தெழும். அவை சில ஆண்டுகளில் கழிகளாகவும் விறகாகவும் முதிரும். தோப்பைப் பல கூறுகளாகப் பிரித்து ஆண்டுக்கொரு கூறாக வெட்டிச் செல்வர். இறுதிக் கூறு வெட்டப்படும்பொழுது முதற் கூறு மீண்டும் வெட்டுதற்குரிய பருவத்தை அடைந்திருக்கும். பத்தாண்டில் முதிரும் தோப்பாயின் பத்துக் கூறு. இருபதாண்டாயின் இருபது கூறு. சவொக் மாவட்டத்திலுள்ள பிராட்வீல்ட் காடு 1252 ஆம் ஆண்டு தொடக்கம் இம்முறையிலேயே வெட்டப்பட்டு வருவதும், இன்றும் அக்குற்றிகள் தளிர்ப்பதும் இம்முறையின் வன்மைக்குச் சான்றாகும்.

இம்முறைக்குப் பெரும்பகை கால்நடையே. புதிதாக வெட்டிய கூற்றில் மாடோ ஆடோ புகுந்து தளிரைத் தின்றால் அக்குற்றி பட்டுவிடும். எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1543 இல், இயற்றப்பட்ட சட்டமொன்று, வெட்டிய தோப்பினை வேலியிட்டுச் சில ஆண்டுகள் காத்தல் வேண்டுமென்றும், ஏக்கருக்கு 12 மரங்களை வெட்டாது நிறுத்துதல் வேண்டுமென்றும் விதித்தது. அரசு சட்டமியற்றித் தடுக்கவேண்டிய அளவுக்குக் காடு குறைந்துவிட்டது என்பதையே இச்சட்டம் புலப்படுத்துகின்றது.

காடு உடையோர் நிலை இதுவாக, காடில்லா ஏழையின் நிலை வேறு. 1217 ஆம் ஆண்டின் வனப் பட்டயம் அரசனின் காடுகளில் வாழ்ந்த சுதந்திரக் குடிகளின் மரபுரிமைகளை ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கும் வேலிக்கும் அடுப்புக்கும் வேண்டிய மரத்தைப் பொதுநிலத்திற் பெறும் உரிமை அவற்றுள் முதன்மையானது. பொதுநிலங்களைச் செல்வர் வேலியிட்டு அடைக்கத் தொடங்கியபொழுது ஏழை இழந்தது மேய்ச்சலை மட்டுமன்று; அடுப்பையுமேயாம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் விறகின் விலை ஏறவே, இலண்டன் மாநகரம் வடபுலத்து நிலக்கரியை நாடலாயிற்று. காட்டின் குறைவைக் கண்டு கவன்ற ஜோன் ஈவ்லின், மரம் நடுதலை வலியுறுத்தும் தம் புகழ்பெற்ற நூலை 1664 இல் வெளியிட்டார்.

ஐம்பது ஏக்கர் என்னும் கனவு

இத்தகைய நாட்டிலிருந்து சென்றோருக்கு மசச்சூசெற்ஸ் கரை எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. சேலம் என்னும் ஊரின் போதகராயிருந்த பிரான்சிஸ் ஹிக்கின்சன் எழுதி 1630 இல் இலண்டனில் அச்சான சிறு நூலொன்று, இங்கு 50 ஏக்கர் நிலம் மட்டும் பெறக்கூடிய ஏழைப் பணியாளனும் இங்கிலாந்தின் பிரபுக்கள் பலரைக் காட்டிலும் மிகுதியான மரத்தையும் விறகையும் செலவிட இயலும் எனப் பெருமிதத்தோடு கூறுகின்றது. அந்நூலைப் படித்துக் கப்பலேறியோர் பலராதல் கூடும். ஹிக்கின்சன் அவ்வாண்டிலேயே புதிய நாட்டில் நோயுற்று இறந்தார்.

அவர் கூறிய 50 ஏக்கர் என்னும் அளவு ஆராயத்தக்கது. ஆயினும், அக்கனவு எத்துணை விரைவில் கலைந்தது என்பதை முதலிற் காண்போர் வியப்புறுவர். பொஸ்ரன் நகரம் ஒடுங்கிய நிலத்தொடரால் மட்டும் பெருநிலத்தோடு இணைந்த தீபகற்பத்தில் அமைந்தது. அங்கு விறகும் புல்நிலமும் இல்லையென்றும், மக்கள் தீவுகளிலிருந்து ஓடங்களில் விறகு கொண்டுவருகின்றனரென்றும் வில்லியம் வூட் என்பார் 1634 இல் எழுதினார். 1638 சனவரியில் நிகழ்ந்ததை ஆளுநர் ஜோன் வின்திரொப் தம் குறிப்பேட்டிற் பதிவு செய்துள்ளார். நகரத்தில் விறகு அருகிவிட்டமையால், வானம் தெளிந்திருந்த ஒருநாள் ஏறக்குறைய முப்பது பேர் ஸ்பெக்றக்கிள் தீவுக்கு மரம் வெட்டச் சென்றனர். அன்றிரவு கடுங்காற்று எழுந்தது; துறைமுகம் உறைந்தது. பனிக்கட்டியிடையே சிலர் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, உணவும் நெருப்புமின்றிப் பாறைகளிடையே கிடந்தனர். பலர் கைவிரல்களையும் கால்விரல்களையும் இழந்தனர், ஒருவர் இறந்தார். பெருங்காடு தொடங்கும் கரையில் குடியேறி எட்டாண்டு நிறையுமுன்னரே ஒரு நகரத்தார் விறகுக்காக உயிரிழந்தனர். காடு நாட்டில் உளதாதல் வேறு, அடுப்புக்கு அணித்தாய் உளதாதல் வேறு என்பதை நியூ இங்கிலாந்து இவ்வாறு கற்றது.

விறகின் கணக்கு

அந்நாட்டில் விறகை அளக்கும் அளவை ‘கோட்’ எனப்படும். நான்கடி உயரமும் நான்கடி அகலமும் எட்டடி நீளமுமாக அடுக்கப்பட்ட விறகே ஒரு கோட்; அஃதாவது 128 கன அடி. கட்டைகளுக்கிடையேயுள்ள வெளியை நீக்கின் மெய்யான மரம் 80 முதல் 90 கன அடி வரையிலேயே இருக்கும். பெரிய திறந்த கணப்படுப்புகளையுடைய குடியேற்றக்கால வீடொன்று ஆண்டுக்கு 30 முதல் 40 கோட் வரை எரித்ததென வரலாற்றாய்வாளர் மதிப்பிடுவர். முதிர்ந்த காட்டில் ஏக்கரொன்றை முற்றாக வெட்டினால் ஏறத்தாழ 20 முதல் 30 கோட் கிடைக்கும். ஆகவே ஒரு குடும்பத்தின் அடுப்பு ஆண்டுதோறும் ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை விழுங்கியது.

வெட்டிய காடு மீண்டும் வளரும் அன்றோ? வளரும், ஆயின் தன் கால அளவிலேயே வளரும். அந்நாட்டின் காடு, மண்ணின் தன்மைக்கேற்ப, ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு அரை கோட் முதல் ஒரு கோட் வரை வளர்ச்சி தருமென்பது காட்டியலாரின் பொதுக் கணக்கு. எனவே 30 கோட் எரிக்கும் வீட்டுக்கு நன்னிலமாயின் 30 ஏக்கரும், மெலிந்த நிலமாயின் 60 ஏக்கரும் விறகுக்கு மட்டுமே வேண்டும். மற்றொரு வழியாற் கணித்தாலும் இதுவே பெறப்படும். ஆண்டுக்கோர் ஏக்கர் வெட்டி, முப்பதாண்டின் பின் முதற் கூற்றுக்கு மீள்வோனுக்கு 30 ஏக்கரும், ஐம்பதாண்டு காத்திருப்போனுக்கு 50 ஏக்கரும் வேண்டும்.

இங்கேதான் ஹிக்கின்சனின் கூற்றிலுள்ள குறை வெளிப்படுகின்றது. அவர் கூறிய 50 ஏக்கர் முழுவதும் காடாயிருப்பின் ஒரு வீட்டின் அடுப்பு என்றும் அவியாது எரியும். ஆயின் அந்த 50 ஏக்கரிலேயே சோளமும் விளைதல் வேண்டும், வைக்கோலும் வேண்டும், மாடும் மேய்தல் வேண்டும். வயலுக்கெனக் காட்டை வெட்டிய முதலாண்டுகளில் விறகு மலைபோற் குவிந்தது. குடியேறியோர் அதனைக் காட்டின் வருவாயெனக் கருதினர். உண்மையில் அவர்கள் எரித்தது காட்டின் முதலையேயாம். வட்டியை மட்டும் உண்ணும் வீட்டுக்கும் முதலைத் தின்னும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் தலைமுறையிற் புலனாவதில்லை. மூன்றாந் தலைமுறையிலேயே அது புலனாயிற்று.

தந்தையின் தோப்பும் மைந்தரின் பங்கும்

நியூ இங்கிலாந்தின் ஊர்கள் நிலத்தைப் பங்கிட்ட முறை குறிப்பிடத்தக்கது. ஒரு குடும்பத்துக்கு வீட்டுநிலம் ஓரிடத்திலும், உழுநிலம் வேறோரிடத்திலும், ஆற்றோரப் புல்நிலம் பிறிதோரிடத்திலும், விறகுத்தோப்பு ஊரின் எல்லைப்புறத்திலும் கிடைத்தன. தோப்பு சில கல் தொலைவிலிருந்தாலும் தடையில்லை. ஏனெனில், குளிர்காலத்தில் நிலம் உறைந்து பனி படிந்த பின்னரே மரம் வெட்டினர். எருதுகள் பூட்டிய சறுக்குவண்டி பனிமீது பெருஞ்சுமையையும் எளிதில் இழுத்துவரும். உழவுத்தொழில் ஓய்ந்திருக்கும் திங்கள்களே விறகுத்தொழிலின் திங்கள்களாக அமைந்தன.

பங்கு பெற்ற தந்தைக்குத் தோப்பு போதியதாயிருந்தது. அவன் இறந்தபின் அது மைந்தரிடையே பிரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்கூற்றில், பழமையான ஊர்களுள் ஒன்றாகிய கொங்கோட்டில், ஒரு பண்ணையின் பரப்பு ஏறக்குறைய 60 ஏக்கரென ஆராய்ச்சியாளர் கூறுவர். அதனையும் பிரித்தால் எவருக்கும் வாழ்வில்லை. எனவே மைந்தரில் ஒருவன் நிலத்தில் நிற்க, ஏனையோர் மேற்கிலும் வடக்கிலுமுள்ள புதிய ஊர்களை நாடிச் சென்றனர். நராகன்செற் மக்கள் ஆங்கிலேயரைப் பற்றி முன்னர் உரைத்தது அவர்தம் பேரரின் வாழ்வில் இவ்வாறு மெய்யாயிற்று.

குடும்பத்துள் விறகால் மிகவும் அல்லலுறக்கூடியவள் கணவனை இழந்த பெண். அவள் கோடரி எடுத்துக் காட்டுக்குச் செல்லுதல் அரிது. தோப்போ மைந்தன் கைக்குச் சென்றுவிடும். ஆதலால், அக்காலத்து மரணசாதனங்கள் பலவற்றில், தாயின் வாசலில் ஆண்டுதோறும் இத்தனை கோட் விறகை, எரித்தற்கேற்ற நீளத்தில் வெட்டி, மைந்தன் கொண்டுவந்து இடல்வேண்டுமென்னும் விதி எழுதப்பட்டிருத்தலைக் காணலாம். அன்பினால் மட்டும் நிகழும் என்று விடாது, அளவும் இடமும் குறித்து எழுதிவைத்த தந்தையர் உலகியல் அறிந்தவராவர்.

மரணசாதனம் இல்லாதவிடத்துச் சட்டமே துணை. கணவனின் நிலத்தில் மூன்றிலொரு பங்கினை வாழ்நாள்வரை அனுபவிக்கும் உரிமை விதவைக்கு உண்டு. ஆயின் மசச்சூசெற்ஸ் மாநில உயர் நீதிமன்றம், பயிர்செய்யப்படாத காட்டுநிலத்தில் அவளுக்கு இவ்வுரிமை இல்லையென 1818 இல் தீர்ப்பளித்தது. மரத்தை வெட்டினால் அது நிலத்தைக் கெடுத்தலாகும்; வெட்டாவிடின் அந்நிலத்தால் அவளுக்குப் பயனில்லை என்பது அதன் கருத்து. எனினும், வீட்டோடும் பண்ணையோடும் சேர்த்துப் பயன்படுத்தப்பட்ட விறகுத்தோப்பு இவ்விலக்குக்கு உட்படாதெனப் பின்னர் அம்மாநிலச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. தோப்பு காட்டின் பகுதியன்று, அடுப்பின் பகுதியே என்பதைச் சட்டமும் இவ்வாறு ஏற்றுக்கொண்டது.

போதகரின் ஊதியத்தில் ஒரு பகுதி விறகாகவே கொடுக்கப்பட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகளின் பெற்றோரே விறகு தரவேண்டியிருந்தது. பனிக்காலத்தில் அவ்விறகு வந்து சேராவிடின் பள்ளியில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை.

அடுப்பைத் திருத்தியோர்

காட்டை விரிக்க இயலாதபொழுது அடுப்பைச் சுருக்குதலே எஞ்சிய வழி. இவ்வழியைத் தெளிவாகக் கண்டவருள் முதன்மையானவர் பொஸ்ரனிற் பிறந்து பிலடெல்பியாவில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்கிளின். முன்னர் ஒவ்வொருவன் வாசலிலும் கிடைத்த விறகு இப்பொழுது சில நகரங்களுக்கு நூறு மைல் தொலைவிலிருந்து வரவேண்டியுள்ளதென்றும், அது குடும்பச் செலவில் பெரும்பகுதியாகிவிட்டதென்றும் அவர் 1744 இல் வெளியிட்ட சிறு நூலில் எடுத்துரைத்தார். திறந்த கணப்படுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாகின்றது. அறையிலுள்ள சூடான காற்றையும் அது இழுத்துச் செல்ல, கதவிடுக்கினூடே குளிர்காற்று உட்புகுகின்றது. முன்புறம் வெந்து முதுகுப்புறம் விறைத்தலே இதன் பயன். இக்குறைகளைப் போக்குதற்கெனவே பிராங்கிளின் தம் இரும்பு அடுப்பை அமைத்தார்.

மசச்சூசெற்ஸைச் சேர்ந்த வோபர்ன் என்னும் ஊரில் 1753 இற் பிறந்து, பின்னர் ஐரோப்பாவிற் புகழ்பெற்ற ரம்போட் பிரபு, கணப்படுப்பின் ஆழத்தைக் குறைத்தும், பக்கங்களைச் சரித்தும், புகைபோக்கியின் கழுத்தை ஒடுக்கியும் வெப்பம் அறைக்குள் வீசுமாறு செய்யும் முறையை 1796 இல் விளக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வார்ப்பிரும்பு அடுப்புகள் வீடுகள்தோறும் பரவின. தோப்பின் கணக்கில் இதன் பொருள் யாது? விறகின் தேவை பாதியானால் வேண்டிய காட்டின் பரப்பும் பாதியாகும். அடுப்பைத் திருத்தியோர் ஒரு மரமும் நடாமலே பல்லாயிரம் ஏக்கர் காட்டைக் குடும்பங்களுக்கு ஈந்தனர் எனல் மிகையாகாது.

இதே காலத்தில் ஜெர்மானிய நாடுகளில் காட்டையே அளந்து ஆளும் கலை வளர்ந்தது. சக்சனியின் பிரைபேக் நகரில் சுரங்க நிருவாகியாயிருந்த ஹான்ஸ் கார்ல் வொன் கார்லொவிட்ஸ், உலைகளுக்கு விறகு அருகுவதைக் கண்டு, வளரும் அளவுக்கு மேல் வெட்டாதிருத்தல் வேண்டுமென்னும் கொள்கையை 1713 இல் நூலாக வெளியிட்டார். நிலைபேறான பயன்பாடு என்று இக்காலத்தார் வழங்கும் கருத்தின் தோற்றுவாய்களுள் அந்நூல் ஒன்றெனக் கொள்வர். இக்கலையின் வழிவந்த டீற்றிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர் 1856 இல் பர்மாவின் தேக்கங்காடுகளுக்கும், 1864 இல் இந்தியக் காடுகள் அனைத்துக்கும் தலைவரானார். இலங்கையிலும் 1885 இல் வனக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. ஆயின் அளந்து ஆளும் காட்டில் ஏழையின் அடுப்புக்கு இடம் குறைந்தது. ரைன் நாட்டில் விழுந்த சுள்ளி பொறுக்குதலும் களவாகக் கருதப்பட்டதைக் கண்டித்துக் கார்ல் மாக்ஸ் 1842 இல் பத்திரிகைக் கட்டுரைகள் எழுதினார். காடு குறையாதிருத்தல் ஒரு நன்மை. அதன் பயன் யாருக்குச் செல்கின்றது என்பது மற்றொரு வினா. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை.

கொங்கோட்டின் பாடம்

கொங்கோட் 1635 இல் நிறுவப்பட்ட ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் நிலத்தில் ஏறக்குறைய பத்திலொரு பங்கே காடாக எஞ்சியிருந்தது. 1844 இல் புகையிரதப் பாதை அவ்வூரை அடைந்தது. விறகெரித்து ஓடிய இயந்திரங்களும் அக்காட்டின் புதிய பகையாயின. அவ்வாண்டிலேயே ஹென்றி டேவிட் தோரோவும் அவர் நண்பரொருவரும் ஆற்றோரத்தில் மூட்டிய நெருப்பு கைமீறிப் பரவி ஏறக்குறைய 300 ஏக்கர் காட்டை அழித்தது. பத்திலொரு பங்கே காடாயிருந்த ஊரில் இஃது எத்தகைய இழப்பென்பதும், காட்டுடையோர் அவர்மேற் கொண்ட சினம் எத்தகையதென்பதும் ஊகித்தறியத்தக்கன.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் அறிஞர் எமேர்சன் வோல்டன் குளத்தருகே நிலம் வாங்கினார். முட்புதர் மண்டிய 11 ஏக்கருக்கு ஏக்கரொன்றுக்கு 8 டொலர் 10 சதம் வீதம் கொடுத்தார். அடுத்திருந்த பைன் தோப்பினை அதன் உடையார் வெட்டிவிட்டால் தாம் வாங்கிய நிலம் அழகிழக்குமெனக் கண்டு, மூன்று நான்கு ஏக்கர் பரப்பான அத்தோப்புக்கு மேலும் 125 டொலர் கொடுத்தார். இவ்விரு விலைகளையும் ஒப்பிடுதல் பயனுடைத்து. அணித்தணித்தாகக் கிடந்த நிலங்களுள் மரமில்லாதது ஏக்கருக்கு எட்டு டொலர். மரமுள்ளதோ ஏக்கருக்கு முப்பது டொலருக்கு மேல். அவ்வூரார் விலை கொடுத்தது மண்ணுக்கன்று, அம்மண்மேல் நின்ற ஆண்டுகளுக்கே என்பது இதனாற் பெறப்படும். இந்நிலத்திலேயே தோரோ 1845 யூலை முதல் 1847 செப்ரெம்பர் வரை சிறு குடில் அமைத்து வாழ்ந்தார்.

காட்டை எரித்தவரெனப் பழிக்கப்பட்ட தோரோவே பின்னர் அவ்வூர்த் தோப்புகளை நன்கறிந்தவரானார். நில அளவையாளராகத் தொழில் செய்தமையால் விற்பனைக்கும் பங்கீட்டுக்குமெனத் தோப்புகள் பலவற்றை அளந்தார். குற்றிகளின் வளையங்களை எண்ணி அவற்றின் வயதைக் கணித்தார். பைன் தோப்பை வெட்டினால் அவ்விடத்தில் ஓக் எழுவதேன் என்பது அக்காலத்து உழவரை மயக்கிய வினா. அணில்களும் பறவைகளும் ஓக் விதைகளைப் பைன் நிழலிற் கொண்டுபோய்ப் புதைக்கின்றன. அங்கு முளைத்த நாற்றுகள், பைன் வெட்டப்பட்டு ஒளி கிடைத்ததும் ஓங்கி வளர்கின்றன என்று 1860 இல் மிடில்செக்ஸ் கமக்காரர் சங்கத்தின் முன் அவர் விளக்கினார்.

அதே ஆண்டில் அவர் கண்ட காட்சியொன்று விறகுத்தோப்பின் வரலாற்றிற் சிறந்த பாடமாகும். ஒருவன் தன் பைன் தோப்பை வெட்டியிருந்தான். அந்நிலத்தில் ஓக் நாற்றுகள் ஏற்கெனவே எழுந்து நின்றன. அவனோ அவற்றை அறியாது, நிலத்தை எரித்து, ஓரிரு பருவம் ‘றை’ தானியம் விளைத்தால் அது மேலதிக ஊதியமாகுமென எண்ணி விதைத்துவிட்டான். இயற்கை பல்லாண்டு உழைத்து அவனுக்கென வளர்த்து வைத்த அடுத்த தோப்பு ஒரு மாலையில் எரிந்து போயிற்று. தோரோ தம் நாட்குறிப்பில் அவனை மூடனென்றே எழுதினார். அவனிடத்தில் நிலம் குறையவில்லை. அந்நிலத்தில் என்ன நிற்கின்றது என்னும் அறிவே குறைந்தது.

இவ்வறிவை மாநில அளவில் பரப்ப முயன்றவர்களுள் ஜோர்ஜ் பி. எமேர்சன் என்னும் பொஸ்ரன் நகர ஆசிரியரை மறத்தல் ஆகாது. பள்ளியாசிரியராக வாழ்நாளைக் கழித்த இவர் மசச்சூசெற்ஸின் மரங்களைப் பற்றி 1846 இல் வெளியிட்ட அறிக்கை, காடுகள் மதியின்றி அழிக்கப்படுவதை எடுத்துக்காட்டி, அவற்றைப் பேணும் முறைகளையும் விளக்கிற்று. வேர்மொண்ட் மாநிலத்தவரான ஜோர்ஜ் பேக்கின்ஸ் மாஷ், மனிதன் இயற்கையை மாற்றுதல் பற்றிய தம் பெருநூலை 1864 இல் வெளியிட்டார்.

எனினும் நியூ இங்கிலாந்தின் காடுகளை மீட்டது அறிவுரை மட்டுமன்று. பென்சில்வேனியாவின் நிலக்கரி அடுப்புகளுள் புகுந்தது. மேற்கு நிலங்களின் தானியம் புகையிரதத்தில் வந்தது. மெலிந்த பண்ணைகளை மக்கள் கைவிட்டனர். 1885 அளவில் அமெரிக்க நாடு முழுவதிலும் விறகை நிலக்கரி விஞ்சியது. கைவிடப்பட்ட வயல்களில் பைன் மரம் எழுந்தது. இன்று மசச்சூசெற்ஸ் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு காடாகும். ஆயின், மீண்ட காடு பழைய காடன்று. குற்றியிலிருந்து விரைந்து தளிர்த்து உழவனின் உற்ற துணையாய் நின்ற செஸ்நற் மரம், 1904 இல் நியூ யோர்க்கிற் கண்டறியப்பட்ட பூஞ்சண நோயினால் சில பத்தாண்டுகளுள் பெருமரமாக நிற்றலை இழந்தது. ஒரே மரத்தை நம்பிய தோப்பு ஒரே நோயால் அழியும் என்பதும் இவ்வரலாற்றின் பாடங்களுள் ஒன்று.

முடிவுரை

1973 இல் எண்ணெய் விலை ஏறியபொழுது அந்நாட்டார் பலர் மீண்டும் விறகடுப்பை நாடினர். விறகுத்தோப்பு வாங்குவோருக்குப் பழைய வினா மீண்டும் எழுந்தது. குளிர் புகாதவாறு அமைக்கப்பட்ட வீட்டிலே, திருந்திய அடுப்பில், ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு கோட் விறகு போதும். முன்னர்க் கூறிய வளர்ச்சிக் கணக்கின்படி அதற்கு நான்கு முதல் பன்னிரண்டு ஏக்கர் வேண்டும். மெலிந்த நிலத்தையும் புயலையும் நோயையும் எண்ணிப் பார்ப்போர் பத்து ஏக்கரைத் தக்க அளவாகக் கொள்வர். ஹிக்கின்சன் காலத்தில் ஐம்பது ஏக்கர் வேண்டிய வீட்டுக்கு இன்று பத்து ஏக்கர் போதுமாயின், அவ்வேறுபாடு மண்ணால் வந்ததன்று. மரம் ஆண்டுக்கு அன்று வளர்ந்த அளவே இன்றும் வளர்கின்றது. மாறியது அடுப்பும் சுவருமே.

ஆகவே, எத்துணைக் காடு வேண்டும் என்னும் வினாவுக்கு ஏக்கரால் மட்டும் விடை கூறுதல் இயலாது. நிலம் ஆண்டுக்கு எவ்வளவு தரும், அடுப்பு ஆண்டுக்கு எவ்வளவு கேட்கும், உடையவன் எத்தனை ஆண்டு காத்திருப்பான் என்னும் மூன்றையும் ஒருங்கே அறிந்தவனுக்கே விடை கிடைக்கும். இம்மூன்றனுள் முதலாவது இயற்கையின் கையில் உள்ளது. ஏனைய இரண்டும் மனிதன் கையில் உள்ளன. பங்கில்லாத விதவையின் வாசலுக்கும் வேலிக்கு வெளியே நிற்கும் ஏழையின் அடுப்புக்கும் விறகு எவ்வாறு சேரும் என்னும் வினாவோ ஏக்கர்க் கணக்கில் அடங்குவதன்று. அதற்கு விடை கூறியவை மரணசாதனங்களும் சட்டங்களும் பட்டயங்களுமேயாம்.

எமேர்சன் வாங்கிய நிலத்தில் தோரோ தம் இறுதிக் காலத்தில், 1859 இல், ஏறக்குறைய 400 வெண்பைன் நாற்றுகளை நட்டார். மூன்றாண்டில் அவர் இறந்தார். அம்மரங்களில் ஒன்றையேனும் விறகாக எரிக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லையென்பதை நடும்பொழுதே அவர் அறிந்திருப்பார். 1922 இல் எமேர்சன் குடும்பத்தாரும் அயலிலிருந்த நிலவுடைமைக் குடும்பத்தாரும் குளத்தைச் சூழ்ந்த ஏறத்தாழ 80 ஏக்கரைப் பொதுமக்களின் பயனுக்கென மாநிலத்துக்கு வழங்கினர். ஒரு காலத்தில் ஊராரின் அடுப்புகளுக்கு ஈடுகொடுக்க இயலாது மெலிந்த அக்கரையில் இன்று காடு அடர்ந்து நிற்கின்றது.